நைட் ஷிப்ட் தூக்கத்துக்கும் ஆலை பொறுப்பேற்க வேண்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவெல்லாம் உலை முன்னால் நின்றவர்கள், விடிந்து கம்பெனி வேனில் ஏறியதுமே ஜன்னலில் தலை சாய்த்துவிடுகிறார்கள். வழியில் ஒரு டீ, பிறகு அறை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நான்கைந்து பேராகப் பங்குபோட்டுத் தங்கும் அறைகளில் பலவற்றுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான் கூரை. ஜன்னலில் லுங்கியைக் கட்டி வெளிச்சத்தை மறைக்கலாம்; கூரைச் சூட்டை மறைக்க முடியாது. நண்பகல் 12 மணிக்கெல்லாம் வியர்த்து எழுந்துவிடுகிறார்கள். இரவு மறுபடி ஷிப்ட்.

“போகப் போக உடம்பு பழகிடும்” என்பார்கள் மேஸ்திரிகள். ஆண்டுக்கணக்கில் நைட் பார்த்தாலும் பெரும்பாலானவர்களின் உடம்பு முழுதாகப் பழகுவதில்லை.

மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் சிறு நரம்பணுத் தொகுதிதான் உடலுக்கு நேரம் காட்டுகிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டே அது இரவு, பகலை அறிகிறது. உடலின் இந்தக் கடிகாரம் மரபணு அளவில் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஷிப்ட் முடிந்து காலை வெயிலில் நடப்பவருக்கு அந்தக் கடிகாரம் ‘விடிந்துவிட்டது, விழித்திரு’ என்றே சொல்லும். அதனால்தான் பகல் தூக்கம் குறைகிறது, அடிக்கடி கலைகிறது.

விளைவுகள் கொட்டாவியோடு நிற்பதில்லை. நல்ல ஆரோக்கியமுள்ள 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவைத்துப் பார்த்தார்கள் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள். ரத்தத்திலிருந்து சர்க்கரையை அகற்றும் வேகம் அவர்களுக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. 1999-இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையோ, இரவுப் பணியைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. 2019-இல் மறு ஆய்வு செய்தும் அதை மாற்றவில்லை.

உலையடியில் ஆபத்து உடனடியானது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இந்தியாவில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். நண்பகலில் எழுந்தவருக்கு அதிகாலை ஐந்து மணியோடு 17 மணி நேரம் முடிகிறது. அந்த நேரத்தில் அவர் முன்னால் 1,600 டிகிரியில் உருக்கு கொதித்துக்கொண்டிருக்கும். ஈரமான ஸ்கிராப் ஒன்று கவனிக்காமல் உள்ளே விழுந்தாலே உலை வெடித்துச் சிதறக்கூடும். குடித்துவிட்டு வந்தவரை கேட்டிலேயே நிறுத்தும் நிர்வாகம், தூங்காமல் வந்தவரை உலையடிக்கு அனுப்புவது எந்த வகையில் நியாயம்?

12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பால், திரும்பப் பெறப்படும் என்று மே தினத்தன்று முதல்வர் அறிவித்தார். மசோதா போனது. ஆனால், மாற்று ஆள் வராவிட்டால் ‘இன்னொரு ஷிப்டும் சேர்த்துப் பார்’ என்று சொல்லும் வழக்கம் போகவில்லை. ஓ.டி. காசுக்காகத் தொழிலாளியும் தலையாட்டிவிடுகிறார்.

செய்ய வேண்டியவை எட்டாத தூரத்தில் இல்லை. ஷிப்ட் மாற்றம் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் முன்னோக்கி நகரட்டும். உடம்பு அதைச் சற்று எளிதாகத் தாங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளதுபோல, ஒரு வேலை நாளுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 11 மணி நேர ஓய்வு இங்கும் கட்டாயமாகட்டும். விடுதிகளில் பகலில் தூங்குவதற்கென்றே வெளிச்சமும் சூடும் புகாத அறைகளை நிர்வாகங்கள் கட்டித் தர வேண்டும். ஹெல்மெட்டையும் கையுறையையும் சோதிக்கும் ஆய்வாளர்கள் ஷிப்ட் பதிவேட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். டபுள் ஷிப்டுக்குத் தடை போடுவதிலிருந்து அரசு இதைத் தொடங்கட்டும்.