கற்பனைக் கோஷ்டியும் மெய்ச் சிநேகமும்

2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் பார்லிமெண்டு, ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் இயற்றிற்று. திறமையால் வெல்வதாயினும் சரி, அதிர்ஷ்டத்தால் வெல்வதாயினும் சரி, பணம் கட்டி ஆடுதல் கூடாதென்பதே அதன் சாரம். 2020இல் ஐ.பி.எல். பந்தயங்களுக்கே தன் பெயரைச் சூட்டிய ட்ரீம்11 கம்பெனியும் அதன்மேல் தன் பணப் போட்டிகளை நிறுத்திவிட்டது. மெய்யான ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஒரு கற்பனைக் கோஷ்டி அமைத்து, அவர்கள் மைதானத்தில் எடுக்கும் ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் தக்கபடி புள்ளி பெறுவதை 'பான்டஸி' ஆட்டம் என்கிறார்கள். அவ்வாட்டம் இத்துடன் ஒழிந்ததென்று மகிழ்வாரும் உளர், வருந்துவாரும் உளர். இரு திறத்தாரும் பாதி உண்மையையே கண்டனர் என்பது நமது அபிப்பிராயம். நின்றுபோனது பண வியாபாரமேயன்றி விளையாட்டன்று.

ஏனெனில், இது கம்பெனிகள் படைத்த விளையாட்டன்று. சிநேகிதர்கள் கூடிப் படைத்தது. அமெரிக்காவில் ஓக்லண்டு நகரத்துக் கால்பந்துக் கோஷ்டியில் பங்குதாரராயிருந்த வின்கன்பாக் என்பவர் 1962இல் சிலருடன் கூடி இதற்கு விதிகள் வகுத்தார். மறு வருஷம் அவருடைய வீட்டு நிலவறையில் எட்டுக் கோஷ்டிகளுக்கு ஆட்டக்காரர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1980இல் நியூயார்க்கில் டானியல் ஓக்ரெண்ட் என்னும் எழுத்தாளரும் அவருடைய சிநேகிதர்களும் பேஸ்பால் ஆட்டத்துக்கென ஒரு முறையை அமைத்தனர். அவர்கள் கூடிய பிரெஞ்சு போஜன சாலையின் பெயரால் அது 'ரோட்டிசரி' என்று வழங்கலாயிற்று. 260 டாலருக்குள் 23 ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கவேண்டும் என்பது அதன் விதியாய் நிலைத்தது. அம்முறையை வகுத்த ஓக்ரெண்ட் தம் குழுவில் ஒருமுறையேனும் வென்றாரில்லை! வெல்லாமலே ஒருவர் வருஷக்கணக்காய் ஆடினாரெனில், வெற்றியினும் இனிய ஒன்று அம்மேஜையில் இருந்திருத்தல் வேண்டுமன்றோ?

அது யாதெனப் பார்ப்போம். எட்டு வாலிபர்கள் ஒரு திண்ணையில் கூடுவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பதினொருவராக 88 ஆட்டக்காரர்கள் வேண்டும். சீட்டுப் போட்டு வரிசை குறிக்கிறார்கள். முதற் சுற்றில் முதலில் எடுத்தவன் மறுசுற்றில் கடைசியில் எடுக்கிறான்; அதிர்ஷ்டம் ஒருவன் பக்கமே சாயாதபடி விதியே காக்கிறது. ஒருவன் எடுத்த ஆட்டக்காரனை மற்றவன் தொடலாகாது. கைப்பேசியிலோ ஒரே நக்ஷத்திர ஆட்டக்காரனை லக்ஷம் பேரும் தத்தம் கோஷ்டியில் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே தெரிந்தெடுத்தலுக்குப் பொருள் குறைவு. திண்ணையில் புகழ்பெற்றவர் யாவரும் இரண்டு சுற்றில் தீர்ந்துபோவார்கள். ஏழாவது சுற்றில்தான் ஒருவனுடைய அறிவு வெளிப்படும். சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி ஸ்ரீ நடராஜன் 2017இல் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்படுமுன் அவரை அறிந்திருந்தோர் எத்தனை பேர்? அத்தகைய ஒருவரை முன்னரே கண்டு, "இவர் எனக்கு" என்று துணிந்து சொல்பவனைக் கண்டு மற்ற எழுவரும் நகைப்பார்கள். பந்தயம் முடிந்தபின் நகைப்பவன் அவனே. அந்த நகைப்பும் வாதமும் நேரில் முகம் பார்த்திருப்போர்க்கே கிட்டும்.

இதனினும் பெரிய லாபம் ஒன்றுண்டு. விதியை அவர்களே வகுக்கிறார்கள். கணக்கை அவர்களில் ஒருவனே எழுதுகிறான். தகராறு நேர்ந்தால் அவர்களே தீர்க்கிறார்கள். தனக்குப் பாதகமாயினும், தான் சம்மதித்த விதிக்கு அடங்கவேண்டியிருக்கிறது. ஜனநாயகம் சட்டசபைகளில் மட்டும் பழகும் வித்தையன்று.

"அமெரிக்கரும் பணம் வைத்துத்தானே ஆடினர்?" என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். மெய்தான், அதை நாம் மறைக்கவில்லை. எனினும், சிநேகிதன் கடன்பட்டு ஆடுவதைக் கண்டால் பக்கத்திலிருப்பவன் கையைப் பிடித்துத் தடுப்பான். முகமறியாத கம்பெனிக்கு அந்தக் கடமை இல்லை. அவன் மீண்டும் பணம் கட்டுவதே அதற்கு லாபம். ஆயினும் அமெரிக்கரின் அவ்வழக்கம் நமக்கு வேண்டாமென்றே சொல்வோம். தோற்றவன் எல்லோருக்கும் காபியும் பலகாரமும் வாங்கித் தரட்டும். பந்தயம் அவ்வளவே போதும்.

சட்டம் ஒரு கெடுதலைத் தடுக்கலாம். ஒரு நல்ல பழக்கத்தை உண்டாக்க அதனால் ஆகாது. கம்பெனி விலகிய இடத்தைச் சிநேகம் நிரப்பாவிடில், கள்ளத்தனமான சூதாட்டம் அங்கே புகும் என்று அஞ்சுகிறோம். ஆகையால், வாலிபர்களே! அடுத்த பந்தய காலம் தொடங்குமுன் ஒரு நாள் மாலை கைப்பேசிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புஸ்தகமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டு ஒரு திண்ணையில் கூடுங்கள். கோஷ்டி கற்பனையாயிருக்கட்டும், கூட்டம் மெய்யாயிருக்கட்டும்.