விடுமுறைக்கு எங்கே போகலாம்?

மார்கழி மாதம் பிறந்தால் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்துக் கிருகஸ்தர்களை ஒரு கவலை பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை முடியப் போகிறது. விடுமுறைக்கு எங்கே போவது? உதகமண்டலமா, கொடைக்கானலா? இரண்டுக்கும் வேண்டிய பணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று பலர் தீர்மானித்து விடுகிறார்கள்.

சென்ற வாரம் சேலையூரிலிருந்து என் சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். "பிரான்சு தேசத்தில் பட்டணத்து ஜனங்கள் விடுமுறைக்குக் கிராமத்தில் குடியானவர் வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறார்களாமே! திராட்சைத் தோட்டம், பழைய மாதா கோவில், ஆற்றங்கரை, இவற்றைப் பார்ப்பதற்கென்றே போகிறார்களாம். நமக்கு அப்படி ஒரு நாட்டுப்புறம் வாய்க்கவில்லையே!" என்று பெருமூச்சு விட்டார்.

"சேலையூரில் எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு வருஷமாக."

"மாடம்பாக்கம் கோவிலைப் பார்த்ததுண்டா?"

"அது பக்கத்தில்தானே இருக்கிறது! எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

நேயர்களில் பெரும்பாலோரும் இதே பதிலைத்தான் சொல்வார்கள் என்பது என் சந்தேகம். மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் ஆலயம் சோழர் காலத்துக் கற்றளி. கர்ப்பக்கிருகத்தின் பின்புறம் படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று இதற்குப் பெயர். சதுரமான விமானங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு புதுமை. பிரகாரத்தை ஒருமுறை நிதானமாகச் சுற்றி வந்தால் விளங்கும்.

பல்லாவரத்தில் இறங்கினால் வேறொரு ஆச்சரியம். 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூதத்துவ நிபுணர் இங்கே சரளைக் குழி ஒன்றில் ஆதி மனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் சரித்திரம் எத்தனை ஆயிரம் வருஷங்கள் பின்னோக்கிப் போகிறது என்ற ஆராய்ச்சிக்கு அந்தக் கல் பிள்ளையார் சுழி போட்டது. அன்றாடம் ரயிலில் அந்த ஊரைக் கடப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பல்லாவரத்திலிருந்து மேற்கே சற்றுத் தூரத்தில் திருநீர்மலை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மலையடிவாரத்தில் பெருமாள் நீர்வண்ணனாக நின்ற கோலம். மலைமேல் ஏறினால் இருந்த கோலத்தில் நரசிம்மர், கிடந்த கோலத்தில் ரங்கநாதர், நடந்த கோலத்தில் உலகளந்த பெருமாள். நான்கு கோலங்களையும் ஒரே ஸ்தலத்தில் சேவித்துவிடலாம். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளமாக இருந்ததென்றும், நீர் வடிவதற்காக ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்றும் ஐதிகம். ஊருக்குப் பெயர் வந்த கதையும் அதுதான்.

தரிசனம் ஆனதும் உடனே இறங்கிவிடாதீர்கள். பிள்ளைகளை அருகில் நிறுத்திக்கொண்டு நாலு திக்கும் பாருங்கள். ஏரிகளும், அடையாறு போகும் வழியும், அவற்றை நெருக்கிக்கொண்டு நிற்கும் வீடுகளும் தொழிற்சாலைகளும் கண்ணில் படும். ஆழ்வார் ஆறு மாதம் காத்திருந்த நீர் எங்கே போயிற்று என்று குழந்தை கேட்கும். 2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அந்த நீர் திரும்பி வந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீதிகளில் படகு விட்டு ஜனங்களை மீட்க வேண்டியதாயிற்று. மனையை வாங்குமுன் இந்த மலைமேல் ஏறிப் பார்த்திருந்தால் சிலராவது வேறு இடம் தேடியிருப்பார்கள். (என் மைத்துனர் ஏறிப் பார்க்கவில்லை. அவர் வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற அடையாளம் இன்னும் இருக்கிறது.)

குன்றத்தூர் சேக்கிழார் அவதரித்த ஊர். அவர் கட்டிய திருநாகேசுவரம் கோவிலும், குன்றின்மேல் முருகன் கோவிலும் ஒரு காலைப் பொழுதுக்குப் போதும். வண்டலூர் மிருகக்காட்சி சாலையைப் பற்றி நான் எழுதவே வேண்டாம். 1985-ல் அது பட்டணத்திலிருந்து இங்கே வந்தது முதல் குழந்தைகளே பெற்றோரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஒரு முழு நாள் ஒழியுமானால் வேடந்தாங்கலுக்குப் போங்கள். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் ஓடத் தொடங்கிய மின்சார ரயில் இப்போது செங்கற்பட்டு வரையில் போகிறது. அதற்கப்பால் பஸ்ஸோ வாடகைக் காரோ பிடித்துக்கொள்ளலாம். சுமார் முப்பது ஹெக்டேர் உள்ள சின்ன ஏரிதான். ஆனால் மார்கழி, தை மாதங்களில் நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களின் இலையே தெரியாதபடி பறவைகள் உட்கார்ந்திருக்கும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், கொக்கு என்று பல ஜாதி. மாலை நாலு மணிக்கு மேல் கரையில் நின்றால், இரை தேடப் போனவை கூட்டங் கூட்டமாகத் திரும்பி வருவதையும், குஞ்சுகள் போடும் கூச்சலையும் காணலாம், கேட்கலாம்.

இந்தப் பறவைகளைக் காப்பாற்றியது எந்த ராஜாவும் அல்ல. அந்த ஊர்க் குடியானவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். கும்பினியார் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் தங்கள் உரிமைக்கு எழுத்து மூலமான உத்தரவு வாங்கிவிட்டார்கள். துப்பாக்கி பிடித்தவனுக்கு எதிராகக் கலப்பை பிடித்தவன் ஜயித்த அந்தச் சங்கதி நம் பள்ளிப் புத்தகங்களில் தண்டி யாத்திரைக்குப் பக்கத்தில் இடம்பெறத் தகுந்தது. 2020-ல் சரணாலயத்தின் எல்லையைக் குறைக்க ஒரு யோசனை புறப்பட்டபோதும் பலத்த எதிர்ப்புக் கிளம்பியது.

போகிறவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போகட்டும். தூரதிருஷ்டிக் கண்ணாடி இருந்தால் மிகவும் நல்லது. பாட்டுப் பெட்டியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

நேற்றுச் சேலையூர் சிநேகிதர் எதிர்ப்பட்டார். குடும்பத்துடன் மாடம்பாக்கம் போனாராம். போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டதாம், நடை சாத்தியிருந்ததாம்.

"அதனால் என்ன? சாயங்காலம் மறுபடி போகிறோம். பக்கத்தில்தானே இருக்கிறது!" என்றார்.