ஏரிக்கும் கணக்குக் கேளுங்கள்



உத்திரமேரூர் என்றதும் குடவோலை முறை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்குப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே தனி வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்துக்கு வர இயலாது. பதவி ஓர் அமானிதம் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியுமா?

இன்று நம் சட்டமன்ற உறுப்பினரிடம் மின்சாரமும் கேட்கிறோம். ஏரியைக் காக்கவும் வேண்டுகிறோம். இவை ஒன்றுக்கொன்று பகையென எண்ண வேண்டா.

தமிழகத்தில் 1990ஆம் ஆண்டு முதல் உழவர் அனைவரின் பாசன மோட்டார்களுக்கும் மின்சாரம் இலவசம். ஏழை உழவருக்கு அது பேருதவியே. ஆயினும், ஏரி தூர்ந்தால் கிணற்றில் ஊற்றுக் குறையும். நீர்மட்டம் தாழத் தாழ, அதே அளவு நீரை இறைக்க மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். அதற்காக எங்கோ நிலக்கரி எரியும். அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தைப் பாழ்படுத்தியதை நாடறியும்.

ஆகவே, ஏரியைத் தூர்வாருவதும் மின்சாரத்தைச் சேமிப்பதே ஆகும்.

வாக்குக் கேட்டு வருவோரிடம் மின்மாற்றி எப்போது வரும் என்று கேளுங்கள். ஏரியின் வரத்துக்கால்வாயைச் சீர்செய்ய என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். அதற்குமுன், ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வீண்விரயம் செய்துகொண்டே பிறரிடம் கணக்குக் கேட்பது நமக்கு அழகன்று.