பொருட்காட்சியில் பெட்ரோல் புகை: நகராட்சி ஆணையாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

கோடைப் பொருட்காட்சியில் குழந்தைகள் ஓட்டும் சிறு கார்களைப் பற்றி நான் கொடுத்த விண்ணப்பங்களுக்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்பதைத் தவிர வேறு பதில் வராமையாலும், அவற்றை நடத்தும் குத்தகைக்கான அடுத்த ஏலம் நெருங்கிவிட்டமையாலும், ஊரார் அறிய இம்மடலை எழுதலானேன். விதிகள் தாங்கள் அறியாதவை அல்ல. ஆகையால் கண்ணால் கண்ட ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் தங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற கோடையில் ஒரு மாலை, அக்கார்கள் ஓடும், மூன்று புறமும் தகரம் அடைத்த கொட்டகையில், எஞ்சின் உறுமியபடி நின்ற கார் ஒன்றில் ஆறு வயதுக்கு மேற்படாத சிறுமி ஒருத்தி அமர்ந்திருக்க, பணியாள் இளைஞன் அவளை இறக்காமலும் எஞ்சினை அணைக்காமலும், தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்த பெட்ரோலை அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த டாங்கில் ஊற்றி, சிந்தியதைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த காருக்குப் போனான். மாலை முழுவதும் அப்புகையிலேயே நின்று பிழைக்கும் அவனை நான் குறை கூறேன். அப்புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் பற்றிக்கொள்வது. தாழ்ந்த காரில் அமரும் குழந்தையின் முகமோ முன்னே நிற்கும் காரின் புகைக்குழாய்க்கு வெகு அருகில் இருக்கிறது.

இதற்கு மாற்றான மின்சாரக் கார் நடைமுறைக்கு ஒவ்வாது என்று குத்தகைதாரர் சொன்னதை உங்கள் அலுவலகம் அப்படியே ஏற்றுக்கொண்டது. அதே மைதானத்தில், மேலே கட்டிய கம்பிவலையிலிருந்து மின்சாரம் பெற்று டேஷிங் கார்கள் மாலை முழுவதும் ஓடுவதை எவரும் பார்க்கவில்லையா? நெடுந்தூரம் செல்லும் வண்டிக்குப் பாட்டரி நடுவழியில் தீர்ந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமாகலாம். சிறியதொரு வட்டத்தை மெதுவாகச் சுற்றிச் சில நிமிஷங்களில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வண்டிக்கு அந்த அச்சம் ஏது? பாட்டரிக்கு முதற்செலவு கூடுதல் என்பதும், நம் வெயிலுக்கு அதை நிழலில் வைத்துக் காக்க வேண்டும் என்பதும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும் என்பதும் உண்மையே. ஆயினும் நிற்கும்போதும் பெட்ரோல் குடிக்கும் எஞ்சினுக்கு அன்றாடம் ஆகும் செலவையும் கணக்கில் எழுத வேண்டாமா? 1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்த நாளிலேயே ஆட்டோபியா என்னும் கார்ச் சவாரியைப் பெட்ரோலில் தொடங்கிய அதே நிறுவனம், 2006-இல் ஹாங்காங்கில் அதை மின்சாரத்திலேயே அமைத்துப் பத்தாண்டு நடத்தியது. 2024-இல் கலிபோர்னியாவிலும் பெட்ரோலைக் கைவிடுவதாக அறிவித்தது. சாத்தியமா என்ற விவாதம் முடிந்து வெகுகாலமாயிற்று.

குழந்தைகளின் கொட்டகையில் பெட்ரோல் எஞ்சின் கூடாது என்று ஏலப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த வரியைச் சேருங்கள். மின்சாரக் கார் வரும்வரை அக்கொட்டகையைப் பூட்டி வையுங்கள். நுழைவுச்சீட்டு வாங்கிக் குழந்தையைக் காரில் ஏற்றிவிடும் தாய், நகராட்சி அனுமதித்த இடம் என்ற நம்பிக்கையில்தான் ஏற்றுகிறாள். இவ்வளவும் அறிந்த பிறகு, அவ்வரி இல்லாமலே நீங்கள் கையெழுத்திடுவீர்களானால், இனி நேரும் எந்தத் தீங்குக்கும் முதற்பொறுப்பாளி குத்தகைதாரர் அல்லர், நீங்களே.

இப்படிக்கு,
இவ்வூர்க் குடிமகன் ஒருவன்