நாணம் மறைக்கும் நோய்



இம்மாதம் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், ஆலய வளாகத்தில் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. ஆணுறுப்பின் உள்ளே தழும்பு விழுந்து, விறைப்பின்போது அது வளைந்துவிடும் நோயைப் பற்றியது. பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்தோருக்கே இது வருகிறது. பிரான்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவர் பெய்ரோனி 1743-ஆம் ஆண்டில் இதனை விவரித்தமையால், அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

இளமையில் செய்த பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை இது என எண்ணி மருகுவோர் உண்டு. பிறவிக் குருடரைக் கண்ட சீடர்களும் இவ்வாறே எண்ணினர். ஆண்டவர் அதனை ஏற்கவில்லை. உறுப்பில் நேரும் சிறு காயங்கள் செவ்வனே ஆறாமல் தடிப்பதே இதற்குக் காரணம் என்பர் மருத்துவர். நீரிழிவு உடையோர்க்கு இது வர வாய்ப்பு மிகுதி. இது புற்றுநோய் அன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அன்று. எனவே கணவரின் நடத்தையில் மனைவியர் ஐயங்கொள்ள இடமேயில்லை. ஆயினும் கணவர் வெட்கத்தால் விலகிப் படுக்க, மனைவி அதற்கு வேறு காரணம் கற்பிக்க, மாதக்கணக்கில் பேச்சே நின்றுபோகும் இல்லங்களும் உள.

கத்தி வைக்காமல் செய்யக்கூடியவை எவை? தொடக்கத்தில் உள்ள வலி, பெரும்பாலோர்க்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் தானே தணியும். வளைவு தானாக நேராவதோ சிலருக்கே. முன்னாளில் வைட்டமின் ஈ மாத்திரையைத் தாராளமாக எழுதிக் கொடுத்தனர். ஆய்வுகளில் அதன் பயன் மெய்ப்படவில்லை. அதிர்வலைச் சிகிச்சை வலியைக் குறைக்கலாம், வளைவை நிமிர்த்தாது. தழும்புக்குள்ளேயே ஊசி போடுவதும் உண்டு. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் வெராபமில் அவ்வாறு பயன்படும் மருந்துகளுள் ஒன்று. பலன் ஆளுக்கு ஆள் மாறும். தழும்பின் நாரைக் கரைக்கும் கொலாஜினேஸ் என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசு 2013-இல் இசைவளித்தது. அது வளைவைக் குறைக்கும். முற்றும் நேராக்கும் என்பதற்கில்லை. அரிதாக உறுப்பு உள்ளே கிழியும் ஆபத்தும் உண்டாதலின், பயின்ற கைகளே அதனைக் கையாள வேண்டும். இழுவைக் கருவியை நாள்தோறும் மாதக்கணக்கில் பொருத்தியிருத்தல் வேண்டும். அவசரக்காரர்க்கு அது ஒத்துவராது. வளைவு சிறிதாய், வலியின்றி, இல்லறத்துக்கு இடையூறின்றி இருப்பின் சிகிச்சையே வேண்டுவதில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலைச் சுவர்களில் விடுதி அறை எண்ணோடு ஒட்டப்படும் 'ஆண்மை' விளம்பரங்களை யார் அறியார்? 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவற்றைத் தடுக்கத்தான் செய்கிறது. எனினும் பசை காயுமுன் அடுத்தது ஏறிவிடுகிறது. துறைமுகத்தில் வியர்வை சிந்தி ஈட்டிய கூலியை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவானேன்? நம் முன்னோர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றழைத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. அங்கே யூராலஜி பிரிவும் உண்டு.

செல்லும்போது, விறைப்பு நிலையில் வீட்டிலேயே எடுத்த படம் ஒன்றை மருத்துவர் கேட்கக்கூடும். வளைவின் அளவை அறிய அது உதவும். கைப்பேசியில் எடுத்துக் காட்டியபின் அழித்துவிடலாம். மனைவியும் உடன் செல்வது நன்று. மருத்துவர் கேட்பவற்றுள் சில அவரே விடை கூற வேண்டியவை.