கட்டணம் வாங்கியவர்களின் கடமை

அந்நிய தேசத்து மாணவர்கள் பெருகி வீட்டு வாடகையும் ஏறிவிட்டதென்று காரணங்காட்டி, 2024 ஜனவரியில் கனடா சர்க்கார் படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்ததையும், மாணவன் தன் ஜீவனத்துக்கென்று கையிருப்பாகக் காட்டவேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியதையும் அநியாயமென்று சொல்ல நான் துணியேன். யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் எந்த ராஜ்யத்துக்கும் உண்டு. ஆனால் 2019-இல் உள்நாட்டு மாணவர்களின் கட்டணத்தைப் பத்து சதவீதம் குறைத்து, பின்னர் அதை உயரவும் விடாமல் நிறுத்திவைத்து, அந்த நஷ்டத்தை அந்நிய மாணவனின் மடியிலிருந்து ஈடுசெய்துகொள்ளும் நிலைக்குக் கல்லூரிகளைத் தள்ளியது ஒன்டாரியோ மாகாண அரசாங்கமன்றோ? அக்கல்லூரிகள் பலவற்றுக்கும் மாணவர்களை ஈர்த்தது பாடத்தைக் காட்டிலும், படிப்பு முடிந்தபின் அதிகபட்சம் மூன்றாண்டுகளுக்கு, ஆயுளில் ஒரே தடவை, கிட்டும் வேலை அனுமதியே என்பது என் அபிப்பிராயம். அந்த அனுமதிக்கு 2024 நவம்பர் முதல் மொழித்தேர்வும் அவசியமாயிற்று. அதன்பின் படிப்பு அனுமதி கோரியவர்களில் பட்டம் அல்லாத பட்டயப் படிப்பினர், சர்க்கார் பட்டியலிட்ட துறைகளில் பயின்றாலன்றி அதை அடைதல் இயலாது. முன்பே விண்ணப்பித்தவர்களுக்குத் துறை நிபந்தனையிலிருந்து விலக்களித்த விவேகத்தை மெச்சலாம்; மொழித்தேர்விலோ அந்தத் தயவு இல்லை. கனடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பக் கருதும் பெற்றோர்களே, நிலத்தை ஈடு வைக்குமுன், சேரவிருக்கும் படிப்பு அப்பட்டியலில் உள்ளதா என்பதைத் தரகர் வாயால் கேளாமல், சர்க்காரின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.