‘துணை’யைப் படிக்கவைத்த கதை

தாத்தா 1952-இல் அச்சடித்த நாடகப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மொத்தம் நாற்பது பக்கம். தொட்டால் உதிரும் தாள். முதல் பக்கத்தின் உச்சியில் ‘முருகன் துணை’. அதை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளிடம் கொடுத்தேன். ‘முருகன்’ சரியாக வந்தது. ‘துணை’ சிதைந்து வந்தது. லை, ளை, னை வந்த இடங்களிலும் அதே சிதைவு.

1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை, இந்த எழுத்துகள் பெரும்பாலும் யானைத் துதிக்கைபோல் வளைந்த சுழியோடுதான் அச்சாகின. டெசராக்டின் தமிழ் மாதிரியோ பெரும்பாலும் கணினி எழுத்துருக்களில் உருவாக்கிய வரிகளைக் கண்டு பழகியது. துதிக்கையைப் பார்க்காத ஒன்று அதை எப்படிப் படிக்கும்? நாம்தான் காட்ட வேண்டும். அதற்குப் பயிற்சிக் கருவிகள் வேண்டும். மூலநிரலை இறக்கி நானே கம்பைல் செய்வதென்று, அதாவது இயங்கும் மென்பொருளாகக் கட்டுவதென்று, ஓர் இரவு உட்கார்ந்தேன்.

டெசராக்ட் 1985-க்கும் 1994-க்கும் இடையே ஹெச்பி நிறுவனத்தில் உருவானது. 2005-இல் திறந்த மூலமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு முதல் கூகுள் அதை வளர்த்தது. அபாச்சி உரிமத்தின்படி யாரும் அதைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். உரிமத்தில் எழுதியிருக்கும் இந்த உரிமை நம் கைக்கு வருவது கம்பைல் செய்யும்போதுதான்.

முதலில் ‘கான்ஃபிகர்’. நம் கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அது ஒவ்வொன்றாகத் துழாவும். சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. படங்களைக் கையாளும் லெப்டோனிகா லைப்ரரி இல்லையாம். எந்தப் பொதியை நிறுவிப் பார்க்கலாம் என்றும் அந்தப் பிழைச்செய்தியிலேயே எழுதியிருந்தது. நிறுவினேன். அடுத்த முறை கடைசிவரை ஓடியது. ஆனால், பயிற்சிக் கருவிகளைக் கட்ட முடியாது என்று இறுதி வரிகள் சொல்லின. எழுத்துகளைக் கோத்து வரைய பாங்கோ, கெய்ரோ போன்ற லைப்ரரிகள் வேண்டும். அவற்றையும் சேர்த்தேன். பிறகு நிரலைக் கட்டும் ‘மேக்’, அது முடிந்ததும் பயிற்சிக் கருவிகளுக்கென்று தனியாக இன்னொரு ‘மேக்’. நிரல் கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறி நகர்ந்தன.

அந்த இரவில் என்னைத் தொட்டது லெப்டோனிகா பற்றிய அந்தப் பிழைச்செய்திதான். யாரோ ஒருவர், தான் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒருவர் இந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்று முன்பே நினைத்து, அந்த ஒற்றை வரியை எழுதிவைத்திருக்கிறார். மூலநிரலை வெளியிடுவது கதவின் பூட்டைத் திறப்பது. உள்ளே வருபவருக்குப் படி எங்கே என்று சொல்வதும் சேர்ந்தால்தான் அது திறந்த வீடு. தமிழுக்கு மென்பொருள் செய்கிறவர்களிடம் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: நிரலைப் பகிரும்போது, அதை வேறொருவர் கட்டி எழுப்பும் வழியையும், தடுக்கும் இடங்களையும், தமிழிலேயே எழுதிவையுங்கள். பள்ளிப் படிப்போடு நிற்கும் ஒரு பிள்ளைக்கும் அது புரிய வேண்டும்.

அடுத்த மூன்று வாரமும் மாலைநேரங்கள் டெசராக்டுக்குப் பயிற்சி தருவதற்கே போயின. புத்தகத்தை வரி வரியாக வெட்டிப் படமாக்கி, ஒவ்வொன்றுக்கும் சரியான வாசகத்தைத் தட்டச்சு செய்தேன். பழைய ‘ணை’க்கும் புதிய ‘ணை’க்கும் யூனிகோடு ஒன்றுதான்; உருவம் மட்டுமே வேறு. வேகத்துக்காகச் சுருக்கிய மாதிரிக் கோப்புக்கு மேற்கொண்டு பயிற்சி தர முடியாது. துல்லியத்துக்கான பெரிய கோப்பையே எடுக்க வேண்டும். செய்த ஒவ்வொன்றையும், தவறிய இடங்களையும் ஒரு கோப்பில் தமிழில் குறித்துக்கொண்டே வந்தேன். அடுத்து வருபவருக்கு அந்த மூன்று வாரம் மூன்று நாளாகட்டும்.

பயிற்சி முடிந்ததும், பயிற்சிக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவைத்திருந்த முதல் பக்கத்தை மறுபடி கொடுத்தேன். கீழே சில பிழைகள் இன்னும் இருந்தன. உச்சியில் மட்டும் தாத்தா அச்சடித்தபடியே வந்திருந்தது: முருகன் துணை.